முப்பத்தாறு, ஏழு நூல்

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு அளவு. அப்பா மில்லிமீட்டரில் பேசுவார், அம்மா இஞ்சில் பேசுவாள்.

அப்பாவுக்குத் திருவெறும்பூர் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை. மற்றவர்கள் செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மற்றவர்கள் அந்த வேலையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குவார்கள். அப்பா கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். காலண்டர் ஒரு துளி சாய்ந்து தொங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. அம்மா வீட்டிலேயே ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்தாள். கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும். அரை இஞ்சு முன்னப்பின்ன இருந்தா குடி ஒண்ணும் முழுகிடாதுங்க என்பது அவள் கட்சி. அரை இஞ்சுன்னா பன்னெண்டு புள்ளி ஏழு மில்லி என்பார் அப்பா, பக்கத்துத் தெருவில் கொலை விழுந்துவிட்ட மாதிரி.

நடுவில் நான், ஐந்தாம் வகுப்பு. அந்த வருஷம்தான் பள்ளியில் தசமம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுகிற ஜாதி நான். அம்மாவின் இஞ்சு, அப்பாவின் மில்லிமீட்டர், இரண்டு பாஷையும் தெரிந்த ஒரே ஆள் இந்த வீட்டில் நான்தான் என்ற திமிர் எனக்கு எக்கச்சக்கமாக இருந்தது. இன்றைக்கும் அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கணக்கு டீச்சருக்கு அதுகூட இல்லாவிட்டால் ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்க முடியாது.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருந்தோம். காவிரியில் தண்ணீர் வந்தால் ஊரே ஆற்றைப் பார்க்கப் போகும். தண்ணீர் வடிந்து குட்டை குட்டையாகத் தேங்கினால், கொசு ஊரைப் பார்க்க வரும். அதனால் எங்கள் நான்கு ஜன்னல்களிலும் கம்பிக்கு முன்னால் பச்சை நைலான் வலை அடித்திருந்தது. மெல்லிய மரச்சட்டம் வைத்து, சுற்றிலும் ஆணி அறைந்து, ஒரேயடியாக முடித்து வைத்த வேலை. வலை கிழிந்தால் தச்சரைக் கூப்பிட வேண்டும். அவர் நாளைக்கு வரேன் என்பார். அந்த நாளை எந்தக் காலண்டரிலும் இருக்காது.

ஹால் ஜன்னல் வலையைக் கிழித்தது நான்தான். இப்போது தைரியமாகச் சொல்கிறேன், அப்போது சொல்லவில்லை. அதற்குக் காரணம் உப்புமா. வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் உப்புமா. எனக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். ஒரு நாள் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து அதை உருட்டிக்கொண்டிருந்தபோது வெளியே கீழ்வீட்டு சன்ஷேடில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. பென்சிலால் வலையில் ஒரு குத்து. ஓட்டை வழியாக ஒரு பருக்கை வெளியே போனது. காக்கா அதை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டது. அடுத்த நாள் விரல் நுழைந்தது. அடுத்த வாரம் ஸ்பூனே நுழைந்தது. என் தட்டு காலியாவதைப் பார்த்து அம்மாவுக்குச் சந்தோஷம், காக்காவுக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். சன்ஷேடில் உப்புமா காய்ந்து கிடப்பது யார் கண்ணிலும் படாது என்று நினைத்தேன் பாருங்கள், அந்த வயதுக்கே உரிய அறிவு அது.

அந்த ஐப்பசியில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கு மூன்று வயது. இரண்டாம் நாள் உடம்பு அனலாகக் கொதித்தது. மூன்றாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா அவனோடு அங்கேயே தங்கிவிட்டாள். அப்பா லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகப் பாலத்தில் போய் வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துக்கொள்ள முசிறியிலிருந்து அத்தை வந்தாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. நல்ல மனசு. ஆனால் வாயில் வருவதை வடிகட்டும் வழக்கம் இல்லை. வந்த அன்றைக்கே வீட்டைப் பெருக்கிக்கொண்டு போனவள் ஹால் ஜன்னல் முன்னால் விளக்குமாறோடு நின்றாள். "அடப் பாவமே! இத்தாம்பெரிய ஓட்டை. இது வழியாத்தான் வந்து புள்ளையக் கடிச்சிருக்கு. யாரு போட்ட ஓட்டையோ" என்றாள்.

யாரு போட்ட ஓட்டை என்று அவள் தேடவில்லை, கேட்கவில்லை, அடுத்த அறையைப் பெருக்கப் போய்விட்டாள். ஆனால் அந்த வாக்கியம் என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது, அது அவனைப் பால்வாடியில் கடித்ததா, மாடிப்படியில் கடித்ததா, அம்மா மண்டபத்துப் படித்துறையில் கடித்ததா என்று எந்தப் பிரம்மாவுக்கும் தெரியாது. இதெல்லாம் இப்போது சொல்லலாம். அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு கொசு தெரிந்தது, ஒரே ஒரு ஓட்டை தெரிந்தது. தம்பி செத்துப்போனால் கொன்றது நான்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தம்பி கையில் ஊசியோடு படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் "அக்கா, காக்கா வந்துச்சா?" என்றான். அவனுக்குக் காக்காவைத் தெரியும். என் மடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன்தானே. நான் அழுதுகொண்டே வராந்தாவுக்கு ஓடிவிட்டேன். தம்பி மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று நர்ஸ் அக்கா சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பார்க்காத நேரமாக, மருந்துப் பெட்டியிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி இரண்டு எடுத்து, ஓட்டையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். பச்சை வலையில் தோல் நிறப் பிளாஸ்திரி. அதையும் யாரும் பார்க்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சாப்பாடுதான் இறங்கவில்லை. ஊட்டிவிட்டுப் பார்த்த அத்தை, "அம்மா ஏக்கம்" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா என்னையும் ஜன்னலையும் அளப்பதுபோல மாறி மாறிப் பார்த்தார். அவர் எதையும் அப்படித்தான் பார்ப்பார் என்பதால் நான் பொருட்படுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் தம்பியின் ரத்த அணுக்கள் ஏறத் தொடங்கின. இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம், ஆனால் இன்னொரு தடவை டெங்கு வந்தால் ஆபத்து, கொசு அண்டவே கூடாது என்றார் டாக்டர். அம்மா அவர் போகும்வரை தலையை ஆட்டிவிட்டு, போனதும் அப்பாவிடம் திரும்பினாள்.

"ஏங்க, புள்ளைய வீட்டுக்குக் கொண்டு வர்றதுக்குள்ள ஜன்னல் பூரா மாத்தியாகணும்."

"அதைத்தான் நானும் யோசிச்சுட்டிருக்கேன். ஸ்டீல் மெஷ் போட்டு, அலுமினியச் சட்டத்துல ரிவெட் அடிச்சுடுறேன். ஜென்மத்துக்கும் கிழியாது."

"கிழியாத வலை வேண்டாம்" என்றாள் அம்மா.

எனக்கு இன்றும் அவள் குரல் கேட்கிறது. அப்பா அவளை விநோதமாகப் பார்த்தார். கிழியாததற்கு மேல் ஒரு வலைக்கு என்ன பெருமை இருக்க முடியும்?

"கிழிஞ்சா கிழிஞ்சுட்டுப் போகுது. ஆனா கிழிஞ்சா யாரையும் கூப்பிடாம, வீட்ல இருக்கறவங்களே பத்து நிமிஷத்துல மாத்துற மாதிரி இருக்கணும். ஆணி, ரிவெட்டு எதுவும் ஆகாது. நாடா கோக்கற மாதிரி இருக்கணும்."

அப்புறம் மாத்திரைக் கவரைக் கிழித்துப் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து காட்டினாள். பாவாடை மேல்மடிப்பில் நாடா ஓடுவதற்கு ஒரு குழாய் விடுவார்கள் இல்லையா, அதைப் போல அலுமினியச் சட்டத்தின் நான்கு பக்கமும் ஒரு பள்ளம் ஓடவேண்டும். வலையை மேலே விரித்துப் போட்டு, அதன் விளிம்பைப் பள்ளத்துக்குள் விட்டு, மேலே ஒரு ரப்பர் கயிற்றை வைத்து அழுத்திவிட வேண்டும். ரப்பர் வலையைக் கவ்விக்கொள்ளும். வலை கிழிந்தால் ரப்பரின் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், நாடா உருவுகிற மாதிரி முழுசாக வந்துவிடும். இன்றைக்கு இந்த மாதிரிச் சட்டம் கடைக்குக் கடை தொங்குகிறது, யாரோ எங்கேயோ அதற்கு முன்பே செய்திருப்பார்கள். ஆனால் எங்கள் அம்மா அதை எங்கேயும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், தூங்குகிற பிள்ளையின் காலடியில் உட்கார்ந்து, பாவாடையிலிருந்து அதை எடுத்தாள். அப்பா கவரை வாங்கி நேராகப் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார், எங்கேயாவது குறை கிடைக்குமா என்று ஐந்து நிமிஷம் பார்த்தார். கிடைக்கவில்லை. "பண்ணிடலாம்" என்றார். எங்கள் அப்பா வாயிலிருந்து அது வந்தால் ஜனாதிபதி விருது மாதிரி.

அடுத்த நாள் காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து அலுமினியக் கடைக்காரர் அளவெடுக்க வந்தார். பள்ளம் வைத்த சட்டமும் கண்ணாடிக்குப் போடுகிற ரப்பரும் அவரிடம் இருந்தன. இரண்டையும் இப்படிச் சேர்க்கலாம் என்பதுதான் அவருக்குத் தெரியாது. "அளவெடுத்துத் தரேன், பொருள் தரேன், இந்த வேலை மட்டும் எனக்குப் பழக்கமில்லைங்க" என்று போனில் சொல்லியிருந்தார். சட்டத்தை வெட்டிச் சேர்ப்பதை அப்பா தன் நண்பர் ஒருவரின் பட்டறையில் தானே செய்துகொள்வதாக ஏற்பாடு. அப்பா அப்போது ஆஸ்பத்திரியில். வீட்டில் அத்தையும் நானும்.

"யாராச்சும் எழுதிக்கிட்டாத் தேவலாம்" என்றார் கடைக்காரர், ஸ்டூலில் ஏறிக்கொண்டே. அத்தை என்னைப் பார்க்கும் முன்பே நான் நோட்டும் பேனாவுமாக நின்றேன். ஒரு வாரத்தில் முதல் தடவையாக எனக்கு உயிர் வந்தது. ஓட்டை போட்டவள் நான். அதை அடைக்கிற வேலையில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்துவிட்டது. ஒரு எழுத்துகூடத் தப்பாமல் எழுதிவிடவேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டேன்.

"எழுதிக்க பாப்பா. சமையக்கட்டு, அகலம் இருபத்திநாலரை."

24.5 என்று எழுதினேன். தசமம் தெரிந்தவளாக்கும்.

"ஹாலு. முப்பத்தாறு, ஏழு நூல்."

பேனா நின்றது. நூலா? அம்மாவின் தையல் பெட்டியில்தான் நூல் இருக்கும். நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்று பழமொழியில் இருக்கும். ஜன்னலில் ஏது நூல்? "நூல்னா என்ன மாமா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். ஆனால் கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே. இஞ்சை விடச் சின்னது ஏதோ ஒன்று என்பதை நானே ஊகித்தேன். சின்னது என்றால் பத்தில் ஒரு பங்கு. பள்ளியில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஏழு நூல் என்றால் புள்ளி ஏழு.

36.7 என்று அழகாக எழுதி அடிக்கோடு போட்டேன்.

இரும்பு, மர வேலைக்காரர்களின் கணக்கில் இஞ்சுக்கு எட்டு நூல். ஏழு நூல் என்றால் எட்டில் ஏழு. கடைக்காரர் அரையை அரை என்றும் காலைக் கால் என்றும் சொன்ன இடங்களிலெல்லாம் நான் எழுதியது சரி. நூல் என்று சொன்ன ஒவ்வொரு இடத்திலும் தப்பு. படுக்கையறைக்கு ஒரு நூல் வந்தது, அதில் தப்பு மயிரிழை. ஹாலுக்குத்தான் ஏழு நூல். அவர் நோட்டைப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். "கையெழுத்து முத்து மாதிரி இருக்கே" என்று தலையைத் தட்டிவிட்டு, பார்க்காமலே போய்விட்டார்.

மத்தியானம் வந்த அப்பாவிடம் நோட்டைக் கொடுத்தேன். பொதுவாக அப்பா பெற்ற தாய் அளந்து கொடுத்தாலும் ஒரு தடவை திரும்ப அளப்பார். அன்றைக்கு மறுநாள் டிஸ்சார்ஜ், பட்டறை ஐந்து மணிக்கு மூடிவிடும். அதோடு, இஞ்சுக்குப் பக்கத்தில் புள்ளியைப் பார்த்ததும் அவருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. தன் இனத்து ஆள் யாரோ அளந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். இருபத்தைந்து புள்ளி நான்கால் பெருக்கி, மில்லிமீட்டராக்கி, வண்டியை எடுத்துக்கொண்டு திருவெறும்பூர் போய், மூலைக்கு மூலை நாற்பத்தைந்து டிகிரியில் வெட்டி, நூல் பிடித்த மாதிரி நான்கு சட்டங்களைச் செய்து கொண்டுவந்தார். அவர் கை ஒரு இம்மி பிசகவில்லை. பிசகு முழுவதும் என் நோட்டில் இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அப்பா பழைய வலைகளைப் பிடுங்கினார். ஹால் ஜன்னலுக்கு வந்ததும் கொஞ்சம் நின்றார். பிறகு ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வலையைப் பிளாஸ்திரி உள்பக்கம் போகிற மாதிரிச் சுருட்டி, அத்தை வருவதற்குள் தானே கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். பிறகு புதுச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். சமையல்கட்டில் சட்டம் ஜன்னலில் போய் உட்கார்ந்த அழகைப் பார்க்க வேண்டுமே! அறைந்த மாதிரி உட்கார்ந்தது. படுக்கையறைகளிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஹாலில் சட்டத்தை வைத்துக் கையை எடுத்தார். கடகடவென்று ஆடியது. இரண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி வெளிச்சம் தெரிந்தது. ஒரு கொசு இல்லை, குடும்பத்தோடு வந்து போகலாம்.

அப்பா தன் இரும்பு ஸ்கேலை எடுத்து ஜன்னலை அளந்தார். சட்டத்தை அளந்தார். நோட்டைக் கேட்டார். நான் கொடுத்தேன். 36.7-ஐப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வாய்க்குள்ளேயே ஏதோ கணக்குப் போட்டார். பிறகு நோட்டை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது அந்தப் பைக்குப் பெரியது, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கீழே ஆட்டோ வந்து நின்றது. அத்தை ஆரத்தித் தட்டோடு ஓடினாள். அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்து, அவனை இறக்கிவிடும் முன்பே ஜன்னலைத்தான் பார்த்தாள்.

"என்னங்க இது, வெளிச்சம் வருது?"

"நான்தான்" என்றார் அப்பா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இஞ்சை மில்லியாக்குறப்ப கணக்குல தப்பு பண்ணிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அப்பாவா? கணக்கிலா? அத்தைக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. "என்னடா இது, ஊர் உலகத்துக்கெல்லாம் தப்புக் கண்டுபிடிக்கிறவன் நீ! சரி விடு, ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தம்பியை அத்தையிடம் கொடுத்துவிட்டுத் தையல் கத்தரியை எடுத்தாள்.

"லூசா இருந்தா பிடிச்சுத் தைக்க வேண்டியதுதானே. இதுக்குப் போயி" என்றாள்.

மாடிப்படியடியில் கிடந்த பழைய சைக்கிள் டியூபைக் கொண்டுவரச் சொல்லி, நீள நீளமாக வார் வெட்டினாள். இரண்டாக மடித்து, சட்டத்தின் வெளி விளிம்பில் இரண்டு பக்கமும் ஒட்டினாள், ஜாக்கெட்டுக்குப் பைப்பிங் வைக்கிற மாதிரி. அப்பா சட்டத்தை எடுத்து ஜன்னலில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். கிச்சென்று போய் உட்கார்ந்தது. இழுத்தால் வந்தது, விட்டால் அசையவில்லை. ஸ்க்ரூவே வேண்டாம்! மற்ற மூன்று ஜன்னலுக்கும் ஆளுக்கு நான்கு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார். இதைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டியதில்லை. அந்த இடைவெளி மட்டும் இல்லாவிட்டால் எங்கள் வீட்டின் மிகச் சிறந்த ஜன்னல் கிடைத்திருக்காது. அதற்கான பெருமையை அன்று யாரும் எனக்குத் தரவில்லை, இப்போது நானே எடுத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் அப்பாடா என்று உட்கார்ந்தபோது அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"உன் பென்சிலைக் கொண்டா."

கொண்டுபோனேன்.

"குத்து."

எனக்குப் புரியவில்லை. அவள் ஹால் ஜன்னலைக் காட்டினாள். புத்தம் புது வலை, கறுப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல், மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக இருந்தது. "குத்தும்மா. ஒண்ணும் ஆகாது." நான் பென்சிலைப் பின்னால் ஒளித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "ஐயையோ, புதுசும்மா! உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று அத்தை அலறினாள். அம்மா காதில் வாங்கவே இல்லை. என் பின்னால் வந்து நின்று, என் கையைப் பென்சிலோடு சேர்த்துப் பிடித்து, ஒரே அழுத்து. டப்பென்று சத்தம் கேட்டது. ஓட்டை.

நான் கதறிவிட்டேன். அம்மா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. சட்டத்தைக் கையால் இழுத்து எடுத்துத் தரையில் கிடத்தினாள். ஒரு மூலையில் ரப்பரின் நுனியை நெம்பி என் கையில் கொடுத்து, இழு என்றாள். இழுத்தேன். சரசரவென்று நான்கு பக்கமும் சுற்றிக்கொண்டு முழுசாக வந்துவிட்டது. ஓட்டை வலை கழன்று விழுந்தது. புது வலையை விரித்தாள். ரப்பரை அழுத்த எங்கள் வீட்டில் ஏது கருவி? தீபாவளிக்குச் சோமாசி ஓரம் வெட்டுகிற பல்சக்கரக் கரண்டியை எடுத்துவந்தாள். மூன்று பக்கம் அவள் ஓட்டினாள். நான்காவது பக்கத்துக்குக் கரண்டி என்னிடம் வந்தது. அழுதுகொண்டே ஓட்டினேன். பாதி தூரத்தில் அழுகை நின்றுபோனது, ரப்பர் பள்ளத்தில் இறங்குகிற சுகம் அப்படி. மீதி வலையைக் கத்தரியால் வெட்டிவிட்டு, சட்டத்தை ஜன்னலில் அழுத்தினோம்.

அப்பா கடிகாரத்தைப் பார்த்து, "ஒன்பது நிமிஷம்" என்றார்.

"இனிமே கிழிஞ்சா இவளே மாத்திடுவா" என்றாள் அம்மா அத்தையிடம்.

செய்துகாட்டினால்தான் அத்தை நம்புவாள், அதற்காகத்தான் ஒரு வலையை வீணாக்கினாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்று மத்தியானம் ரசம் சாதம் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன். அம்மா வந்ததும் ஏக்கம் போய்விட்டது என்று அத்தை சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் சந்தில் பாதி வீட்டுக்கு அம்மாவின் ஜன்னல்தான். எங்கள் ஹால் சட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது, வலைதான் எத்தனை மாறியதோ கணக்கில்லை. தம்பி ஆறடி வளர்ந்து, இன்றைக்கும் ஒரு கொசுவுக்குக்கூடப் பயப்படாமல் திரிகிறான். அப்பா பாடுதான் திண்டாட்டம். அத்தை ஒரு கல்யாணம் விடாமல், எந்தப் பந்தியிலும், தன் தம்பிக்கே அளவு தப்பிய கதையைச் சொல்லிவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து அதிகமாகச் சிரித்தது நான். அப்பா கத்தரிக்காய் வாங்கிவந்தால்கூட, "சரியா நிறுத்துதான் வாங்குனீங்களாப்பா, இல்ல ஜன்னல் கணக்கா?" என்பேன். வருஷக்கணக்கில் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

போன மாதம் மன்னார்புரத்தில் என் வீட்டுச் சமையலறைக்கு அலமாரி போட ஒரு தச்சர் வந்தார். "இருபத்திரெண்டு, ஏழு நூல், எழுதிக்கங்கம்மா" என்றார். நூல் என்றால் என்ன என்று இந்தத் தடவை கேட்டேன். "இஞ்சுக்கு எட்டு நூலும்மா, இதுகூடவா தெரியாது, டீச்சர்ங்கறீங்க?" என்றார். பேனாவை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போனேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா மிஷினில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அப்பா, அந்த ஹால் ஜன்னல் தப்பு என்னோடது" என்றேன்.

"நாலு புள்ளி நாலு மில்லி" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அன்னைக்கே தெரியுமா? அப்புறம் ஏன் என்னைச் சொல்லலை? இத்தனை வருஷம் நான் கேலி பண்ணப்பகூட?"

அவர் பேப்பரைத் திருப்பினார். பதில் மிஷின் பக்கத்திலிருந்து வந்தது. அம்மா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, இதைக்கூடவா சொல்லவேண்டும் என்கிற குரலில் சொன்னாள்.

"காக்கா கதையைத் தம்பி அப்பவே சொல்லிட்டான். அந்த ஓட்டையிலயே நீ பாதி செத்துட்டே. அதுக்கு மேல இதையும் எப்படிடி உன் தலையில போடுறது? தம்பியை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டியாந்தாச்சு. உன்னையும் வீட்டுக்குக் கூட்டியாரணும்ல?"

அந்த ஆறு நாளும் நான் வீட்டில்தான் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.